ஒரு குவளைக்கு எத்தனை கிராம்

வெண்மேடு நிலையம், நிலவு
பொறியாளர் அங்கயற்கண்ணியின் குறிப்பேடு

நாள் 2 — 07:10

நிலைய அழுத்தம் சரி. காற்று வடிகட்டி சரி. நீர் மறுசுழற்சி 94 விழுக்காடு. காப்பி சரியில்லை.

இதைப் பின்னால் யாராவது எடுத்துப் படித்தால் குழம்பக் கூடாது, அதனால் ஒரு விளக்கம். இந்த நிலையத்தில் நாங்கள் இரண்டே பேர். நான் பொறியாளர், மதுரைக்காரி, கூப்பிடும் பெயர் கயல். மற்றவன் பெலிக்ஸ் மச்சாது, தூத்துக்குடிக்காரன், பாறை ஆராய்ச்சி. நேற்றுக் காலை நிலையத்தின் ஒரே வண்டியை எடுத்துக்கொண்டு அறுநூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பள்ளத்துக்குக் கல் பொறுக்கக் கிளம்பிவிட்டான். போக ஐந்து நாள், வர ஐந்து நாள். அவன் கிளம்பிய நாளை ஒன்று என்று வைத்து எண்ணுகிறேன். பெரிய எண்கள் எனக்கு ஆகாது.

காப்பிக்கு வருகிறேன். பூமியில் இருபத்திரண்டு வருடம் இதே கரண்டியால் போட்டிருக்கிறேன். தலைதட்டிய கரண்டி பத்து கிராம். இரண்டு கரண்டி பொடி, இரண்டு டம்ளர் காப்பி. கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். இங்கே வந்த நாளிலிருந்து டிகாஷன் கழுநீர் மாதிரி இறங்குகிறது. பொடிக்காரர் பழைய பொடியைத் தலையில் கட்டிவிட்டார். ஆறு மாதமாக ஒரு கரண்டி கூடப் போட்டுச் சமாளித்து வருகிறேன்.

பெலிக்ஸ் அப்படியில்லை. அவன் காப்பிப் பொடியைத் தராசில் நிறுத்துப் போடுகிற ஜாதி. ஒரு தட்டில் படிக்கல், ஒரு தட்டில் பொடி, முகத்தில் நகைக்கடைக் களை. மின்தராசு செத்துப்போனதிலிருந்து அந்தத் தட்டுத் தராசு ஒன்றுதான் நிலையத்தில் மிச்சம். கல் நிறுக்க வேண்டும் என்று அதையும் கூடவே கொண்டுபோயிருக்கிறான். எனக்கு நஷ்டமில்லை. என் கண்ணே தராசு.

நாள் 3 — 18:45

காலைப் பரிசோதனை முடிந்தது. குறை எதுவும் இல்லை.

மாலைத் தொடர்பில் பெலிக்ஸ்:

"ஏ கயலு, இங்கயும் இருவது கிராம்தான் போடுதேன். காப்பி கும்முனு இருக்கு. நீ அங்க கண்ணாலயே காச்சிக் குடி."

குடிக்கத்தான் செய்கிறேன். நேற்று மூன்று கரண்டி, இன்று மூன்று கரண்டி.

இன்று மூச்சுப் பொடிப் பீப்பாய்களை எண்ணி வைத்தேன். எட்டு இருக்கின்றன. படிப்பவருக்காக: மூச்சுப் பொடி என்பது நாங்கள் வைத்த பெயர். விடுகிற மூச்சை அது வாங்கிக்கொண்டு பிராணவாயுவைத் திருப்பித் தரும். ஒரு குப்பியில் இரண்டரைக் கிலோ பொடி இருந்தால் ஒரு ஆளுக்கு ஒரு நாள். முன்பெல்லாம் குப்பி பூமியிலேயே நிரப்பி வரும். இப்போது பொடி பீப்பாயில் வருகிறது, நிரப்புவது நம் வேலை. பீப்பாயோடு ஒரு குவளை வைத்திருக்கிறார்கள். அதில் 'அரைக் கிலோ' என்று கோடு போட்டிருக்கிறது. ஐந்து குவளை, ஒரு குப்பி. அவ்வளவுதான் வித்தை.

அந்த வித்தையை ஒரு பக்கத்தில் படம் போட்டு நான்தான் எழுதினேன். 'தராசு வேண்டாம், குவளை போதும்' என்று தலைப்பு. தென்முனையில் இருக்கும் கூட்டு நிலையத்தில் தராசே கிடையாது, அவர்கள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். நன்றிக் கடிதம்கூட வந்தது. அதைச் சமையல் மூலையில் ஒட்டி வைத்திருக்கிறேன். பெலிக்ஸின் வண்டிக்குப் பத்துக் குப்பியும் அந்தக் கணக்கில்தான் என் கையால் நிரப்பினேன்.

நாள் 5 — 11:50

11:20க்கு பெலிக்ஸின் அழைப்பு. வண்டியின் பின் அச்சு முறிந்துவிட்டது. பள்ளத்தின் அடிவாரம். அடி எதுவும் படவில்லை.

"எனக்கு ஒண்ணுமில்ல. வண்டிதான் கால ஒடிச்சுக்கிட்டு ஒக்காந்துட்டு. இத நா ஒத்தையில சரிபண்ண முடியாது பாத்துக்க."

என்னிடம் வேறு வண்டி இல்லை. விண்வெளி உடையில் எட்டு மணி நேரத்துக்குத்தான் காற்று. அறுநூறு கிலோமீட்டர் நடக்கிற கதையும் இல்லை. கூட்டு நிலையத்துக்கும் பூமிக்கும் தகவல் அனுப்பினேன்.

நாள் 5 — 20:30

கூட்டு நிலையத்திலிருந்து மீட்பு வண்டி நாளைக் காலை ஒன்பதுக்குக் கிளம்புகிறது. ஓட்டுபவர் நாச்சம்மை, கூட மருத்துவர் யூசுப். எட்டு நாள் பயணம். 14ஆம் நாள் காலை ஒன்பது மணிக்கு பெலிக்ஸிடம் போய்ச் சேருவார்கள்.

அவன் காற்றுக் கணக்கு: வண்டித் தொட்டி நாளைக் காலை ஆறு மணி வரை. பிறகு குப்பி. பத்துக் குப்பி, பத்து நாள். 16ஆம் நாள் காலை வரை தாங்கும். இரண்டு நாள் மிச்சம்.

இரண்டு நாள் என்பது பெரிய மிச்சம். இன்று தூங்கலாம்.

நாள் 7 — 15:00

பெலிக்ஸ் மூன்றாவது குப்பியைத் திறந்துவிட்டான். இன்னும் இரண்டாவதுதான் ஓடியிருக்க வேண்டும். அச்சோடு மல்லுக்கட்டியதில் மூச்சு அதிகம் செலவாகியிருக்கும் என்கிறான். வண்டியைத் தொடாதே, பேசாமல் உட்கார் என்று திட்டினேன். சொன்னால் கேட்கிற ஆளா.

நாள் 8 — 06:40

மூன்றாவதும் தீர்ந்தது. ஒவ்வொன்றும் பதினாறு மணி நேரம்தான் வந்திருக்கிறது. இருபத்துநாலு வர வேண்டும்.

கசிவாக இருக்கும் என்றேன். அவன் ஒரு புதுக் குப்பியைத் தராசில் வைத்தான்.

"கயலு, குப்பி எடையக் கழிச்சா, பொடி ஒரு கிலோ அறுநூத்தி எழுபது கிராம்தான். இன்னொண்ணும் போட்டேன். அதுவும் அப்படித்தான். எல்லாத்துலயும் முத்திரை சரியா இருக்கு. சிந்தல."

அப்படியென்றால் நிரப்பும்போதே குறைவு. நான் எண்ணித்தான் போட்டேன். ஐந்து குவளை. ஒவ்வொரு குப்பிக்கும் வாய்விட்டு எண்ணினேன்.

நாள் 8 — 08:15

சமையல் மூலையில் நின்றுகொண்டிருந்தேன். மூன்றாவது கரண்டி கையில் இருந்தது.

அப்படியே பெலிக்ஸைக் கூப்பிட்டேன். உன் இருபது கிராம் காப்பிப் பொடி என் கரண்டியால் அளந்தால் எத்தனை வரும் என்று கேட்டேன். அவனிடம் அதே கரண்டி ஒன்று இருக்கிறது.

"சரியா மூணு. ஏன் கேக்க?"

பூமியில் இரண்டு. இங்கே மூன்று.

பொடிக்காரர் பாவம். பொடி பழசில்லை. இங்கே ஈர்ப்பு ஆறில் ஒரு பங்குதான். பொடி தன் கனத்தால் தானே அமுங்கி உட்காருவதில்லை, இடையில் காற்றை வைத்துக்கொண்டு பூத்து நிற்கிறது. கரண்டி நிறைந்த மாதிரி இருக்கும், உள்ளே மூன்றில் ஒரு பங்கு வெறுமை. ஆறு மாதமாகத் தினமும் காலையில் இந்தக் காப்பி எனக்கு அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நான் ஒரு கரண்டி கூடப் போட்டு அதன் வாயை அடைத்தேன்.

குவளைக் கோடு பூமியில் போட்டது. மூச்சுப் பொடியும் பொடிதான்.

நாள் 8 — 09:00

அவனிடம் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. என் கையால் நிரப்பியது, என் கணக்குத் தப்பு, ஒவ்வொரு குப்பியிலும் மூன்றில் ஒரு பங்கு இல்லை என்றேன்.

பிறகு:

"சரி. அப்ப ஏழு குப்பிக்கு எத்தன மணி நேரம்? நீ கணக்கப் போடு. அழறத அப்புறம் வச்சுக்கலாம்."

போட்டேன். ஏழு குப்பி, பதினாறு மணி நேரம்: 12ஆம் நாள் இரவு பத்து மணிக்கு முடிகிறது. மீட்பு வண்டி வருவது 14ஆம் நாள் காலை ஒன்பது. முப்பத்தைந்து மணி நேரம் குறைகிறது.

அவன் அசையாமல் படுத்துக்கொண்டால் மூச்சுச் செலவு குறையும். ஒரு குப்பியை இருபத்தொரு மணி நேரம் இழுத்தால் சரியாக 14ஆம் நாள் காலை ஒன்பது. ஒரு நிமிடம் மிச்சமில்லை. பேசக் கூடாது, எழக் கூடாது, குளிர்ந்தாலும் நடுங்கக் கூடாது.

நாளைக்கு இரண்டு முறை மட்டும் தொடர்பு, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் என்று முடிவு செய்தோம்.

நாள் 9 — 19:10

நான்காவது குப்பி இருபத்தொன்றரை மணி நேரம் வந்தது. எனக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது. யாருமில்லாத நிலையத்தில் தட்டவும் செய்தேன்.

பூமிக்கு முழு அறிக்கை அனுப்பிவிட்டேன். என் பெயரைப் போட்டுத்தான். அந்த ஒரு பக்கத் தாளையும் திருத்தி எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். தலைப்பு கண்ணில் படாமல் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். பெலிக்ஸ் பிழைத்து வரட்டும், பிறகு உட்கார்ந்து எழுதலாம். ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள், 'நான்தான் தப்பு' என்று எழுத இரண்டு நாள் அவகாசம் எடுத்துக்கொண்டால் குடி முழுகிவிடாது.

நாள் 11 — 06:30

நிலைய அளவைகளைப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும். பிறகு பார்க்கிறேன்.

ஐந்தாவது, ஆறாவது குப்பிகள் இருபத்திரண்டு மணி நேரம். அவன் என்னைவிட நல்ல மாணவன்.

"தலைதான் கனக்கு. மத்தபடி படுத்துக்கிட்டே சம்பளம். எங்க வீட்டுல இப்பிடி யாரும் படுக்க விட்டதில்ல."

பேசாதே என்றேன். நிமிடம் முடிந்தது.

நான் காப்பி குடிப்பதை நிறுத்திவிட்டேன். நேர்த்திக்கடன் ஒன்றுமில்லை, அந்தக் கரண்டியைக் கையில் எடுக்கப் பிடிக்கவில்லை.

நாள் 12 — 19:00

மீட்பு வண்டி நேரத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. இன்னும் முப்பத்தெட்டு மணி நேரம். எட்டாவது குப்பி ஓடுகிறது. கையில் இரண்டு. கணக்கு இப்போது 14ஆம் நாள் மாலை நான்கு மணி வரை போகிறது. ஏழு மணி நேரம் மிச்சம் பிடித்திருக்கிறான், படுபாவி.

பிழைத்துவிடுவான். எழுதிப் பார்க்கிறேன். பிழைத்துவிடுவான்.

நாள் 13 — 16:50

நாச்சம்மையோடு முதல்முறையாக நேரடித் தொடர்பு கிடைத்தது. இதுவரை தகவல் வரிகள்தான் வந்துகொண்டிருந்தன. நல்ல கலகலப்பான குரல்.

"கயல், கவலையே படாதீக. நாளைக்குக் காலையில உங்க ஆளைத் தூக்கி வண்டியில போட்டுருவோம். இதுவரைக்கும் தொட்டிக் காத்துலதான் வந்தோம், நாளைக்கு ஒம்பது மணியோட அது தீருது. திரும்பறப்போ பூராவும் குப்பிதான். இருவத்துநாலு குப்பி, மூணு பேருக்கு எட்டு நாளைக்கு, கரெக்டா இருக்கு. எல்லாம் உங்க தாள் பிரகாரம் நிரப்புனதுதான். நீங்க எழுதுனது எங்க ஸ்டோர்ல ஒட்டியிருக்குல்ல!"

நாள் 13 — 17:05

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

அவர்களிடம் பூமியில் நிரப்பிய குப்பிதான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நினைத்தேனா? அந்தப் பக்கமே என் நினைப்பு போகவில்லை. ஐந்து நாளாக ஒரே ஒரு ஆளின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இருபத்துநாலு குப்பியில் மூன்றில் ஒரு பங்கு போனால் பதினாறு குப்பிக்கான காற்றுதான் இருக்கும். மூன்று பேருக்கு ஐந்தேகால் நாள். பயணம் எட்டு நாள். பெலிக்ஸை ஏற்றிக்கொண்டால் மூன்று பேரும் வழியிலேயே உயிரை விடுவார்கள். படுத்து மிச்சம் பிடிக்கவும் முடியாது, ஒருவர் ஓட்டியாக வேண்டும். அங்கே வரை போய் அவனை ஏற்றாமல் திரும்பினால்கூட அந்த இருவருக்கு எண்ணி எட்டு நாள், ஒரு மணி நேரம் மிச்சமில்லை.

ஒரு நாள் கையிருப்பு இல்லாமல் வண்டி முன்னே போகக் கூடாது என்பது அவர்கள் விதி. என் கணக்குப்படி இன்றிரவு ஒன்பதுக்குள் அவர்கள் திரும்ப வேண்டும்.

ஒரு குப்பியைத் திறந்து எத்தனை மணி நேரம் வருகிறது என்று பார்க்கலாம். அதற்குப் பதினாறு மணி நேரம் வேண்டும். இருப்பது நான்கு.

9ஆம் நாளே அந்தத் தாளைத் திருத்தி அனுப்பியிருந்தால் அப்போதே ஒரு குப்பியைத் திறந்து பார்த்திருப்பார்கள்.

நாள் 13 — 17:40

கூட்டு நிலையத்தோடு ஆறு நிமிடத் தொடர்பு கிடைத்தது. அடுத்தது நாளைக்குத்தான். சரக்கறைப் பொறுப்பாளர் தங்கப்பழம் பேசினார். விருதுநகர்க்காரர், தாத்தா காலத்திலிருந்து தானியக் கடை. குப்பிகளை நிரப்பியது அவர்தான். எத்தனை குவளை போட்டீர்கள் என்று கேட்டேன்.

"அஞ்சு மேடம். உங்க தாள்ல இருக்கிற மாதிரி, சரியா அஞ்சு. கூடவும் இல்ல, குறையவும் இல்ல. ஒவ்வொண்ணும் கோடு வரைக்கும். நானே நின்னு அளந்தேன்."

சந்தேகம் தீர்ந்தது. இன்னும் ஒன்றைக் கேட்டுவிடவா என்று வாயைத் திறப்பதற்குள் இணைப்பு போய்விட்டது. கேட்க வேறு என்ன இருக்கிறது.

நாள் 13 — 18:20

என் கணக்கைப் பூமிக்கும் அனுப்பியிருந்தேன், பதில் ஒரு வரி: "உங்கள் கணக்கை ஒப்புக்கொள்கிறோம். வண்டியை ஓட்டுபவரின் முடிவே முடிவு."

நாச்சம்மைக்குச் சொன்னேன். குப்பிகள் குறைவு, என் தாள்தான் காரணம், பெலிக்ஸ் தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டான், அளவு இவ்வளவு என்று ஒப்பித்தேன். திரும்பிப் போங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. அதை இரண்டு முறை சொன்னேன்.

"அவரு இன்னும் பதினாலு மணி நேரத்துல இருக்காரு, கயல். எட்டிப் பிடிக்கிற தூரம். நிச்சயமாத்தான் சொல்றீகளா?"

நிச்சயமாகத்தான் என்றேன்.

பின்னால் யூசுப் ஏதோ சொன்னார். பிறகு நீண்ட நேரம் சக்கரச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"திருப்புறோம்."

நாள் 13 — 19:00

பெலிக்ஸின் மாலை நிமிடம். பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக் காலை ஒன்பதுக்கு அவன் கதவைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பான் என்று தோன்றியது. அது முடியாது. சொல்லிவிட்டேன்.

"அவங்க ரெண்டு பேரு. திரும்பத்தான் சொல்லணும். நீ சரியாத்தான் செஞ்சிருக்க. நானா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன்."

நிமிடம் முடிந்தது. அவன் அணைக்கவில்லை. இனி எதற்கு மிச்சம் பிடிக்க வேண்டும் என்று நினைத்திருப்பான். நானும் அணைக்கவில்லை.

நாள் 14 — 04:30

இரவெல்லாம் பேசிக்கொண்டிருந்தோம். இரவு என்பது கடிகாரக் கணக்கு, வெளியே வெயில்தான். தூத்துக்குடியில் அவன் அக்கா லூர்து நடத்தும் பள்ளியைப் பற்றிச் சொன்னான். முதல் மாதச் சம்பளத்தில் வாங்கிய மிதிவண்டி தொலைந்த கதையைச் சொன்னான், திருடனை இன்னமும் திட்டினான். அக்காவுக்குச் சொல்ல வேண்டியதைத் தனியாக எழுதிக்கொண்டேன். அது இந்தக் குறிப்பேட்டில் வராது.

நான் மன்னிப்புக் கேட்டேன். எத்தனை முறை என்று தெரியவில்லை.

"ஒரு தடவ கேட்ட, போதும். வாங்கியாச்சு. திருப்பித் திருப்பிக் கேட்டா எனக்குத்தான் மூச்சு செலவாகுது."

நாள் 14 — 09:00

இப்போது வந்து சேர்ந்திருப்பார்கள்.

அவன் உயிரோடு இருக்கிறான். தெளிவாகப் பேசுகிறான். ஒன்பதடித்ததும் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டோம். யார் முதலில் நிறுத்தினோம் என்று தெரியவில்லை.

நாள் 14 — 13:15

கடைசிக் குப்பி. பேச்சு குழறுகிறது. ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்கிறான். வெளியே என்ன நேரம் என்கிறான். சொல்கிறேன். மறுபடி கேட்கிறான். மறுபடி சொல்கிறேன்.

என்னால் செய்ய முடிந்தது அதுதான். மணி சொல்வது.

நாள் 14 — 15:40

"கயலு."

இருக்கிறேன் என்றேன்.

"குளிருது. ஆனா பரவால்ல."

இருக்கிறேன் என்றேன். 15:52 வரை மூச்சு கேட்டது. அதற்குப் பிறகு கேட்டது மூச்சா, இணைப்பின் இரைச்சலா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. 18:00 வரை காதில் வைத்திருந்தேன்.

நாள் 15 — 05:00

தூங்கவில்லை. தாளைத் திருத்தி எழுதினேன். பழைய தாளை எல்லோரும் கிழித்துப் போடும்படி கேட்டுக்கொண்டேன். 'குவளை வேண்டாம், தராசு வேண்டும்.' எல்லா நிலையத்துக்கும் அனுப்பியாயிற்று. எழுத இருபது நிமிடம்தான் பிடித்தது.

ஒரே ஒரு ஆறுதல். அந்த இரண்டு பேர் பிழைத்தார்கள். இதைப் படிப்பவர் என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைக்கலாம், அதை மட்டும் என் கணக்கில் விட்டுவிடுங்கள்.

நாள் 15 — 09:25

நாச்சம்மையின் அழைப்பு. குரலில் கலகலப்பு இல்லை. அப்படியே எழுதுகிறேன்.

"கயல், நேத்துக் காலைல ஒம்பது மணிக்கு எங்க தொட்டி தீர்ந்துச்சு. ஆளுக்கொரு குப்பி திறந்தோம். நீங்க சொன்ன கணக்குக்கு ராத்திரி ஒரு மணிக்குத் தீரணும். தீரலை. நாங்க முழிச்சுப் பாத்துக்கிட்டே இருந்தோம். இப்பத்தான் தீருது. இருவத்துநாலு மணி நேரம் முழுசா வந்திருக்கு. ரெண்டு குப்பியும். கயல்? கேக்குதா?"

கேட்கிறது என்றேன்.

நாள் 15 — 10:10

தங்கப்பழத்தோடு தொடர்பு கிடைத்தது. எத்தனை குவளை என்று இந்த முறை கேட்கவில்லை. எப்படி அளந்தீர்கள் என்று கேட்டேன்.

"எப்படின்னா, எல்லாரும் அளக்கிற மாதிரிதான் மேடம். குவளையில அள்ளி, மேசையில மூணு தட்டுத் தட்டி, குலுக்கி, கீழ இறங்குனதும் மேல போட்டு, மறுபடி தட்டி, இனி இறங்காதுங்கிற வரைக்கும் போட்டுக் கோட்டுக்குக் கொண்டாருவேன். எங்க கடையில படியக் குலுக்காம அளந்தா எங்கய்யா கையிலயே ஒண்ணு வைப்பாரு. வாங்குறவுகளுக்குக் குறையக் கூடாதுல்ல. அதெல்லாம் தனியாச் சொல்லணும்னு எனக்குத் தோணல மேடம்."

தோன்றாதுதான். அவருக்கு அளப்பது என்றாலே அதுதான். எனக்கு அளப்பது என்றால் எண்ணுவது. ஐந்து குவளை என்று கேட்டேன், ஐந்து என்றார். இருவரும் உண்மையைத்தான் சொன்னோம்.

அவர்கள் வண்டியில் தண்ணீர்ப் பைகள் இருந்தன. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, பூமியிலும் இங்கேயும். ஒரு குப்பியின் பொடியைப் பையில் கொட்டி, ஒரு கம்பியின் ஒரு முனையில் அதையும் மறுமுனையில் இரண்டரை லிட்டர் தண்ணீர்ப் பையையும் கட்டித் தொங்கவிட்டிருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். நான்கு மணி நேரம் இருந்தது. எனக்கு அது இன்று காலை பத்து மணிக்குத் தோன்றுகிறது.

மூவரும் வந்திருப்பார்கள். எட்டு நாள் காற்றோடு. அவன் ஒன்பது மணிக்குத் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தான்.

நாள் 15 — 10:16

இணைப்பு இன்னும் இருக்கிறது. பெலிக்ஸ் போனது தங்கப்பழத்துக்குத் தெரியும். வண்டி ஏன் திரும்பியது என்பது தெரியாது. எப்படி அளந்தீர்கள் என்று நான் கேட்டதிலேயே பயந்துபோயிருக்கிறார்.

"மேடம், குப்பியில ஏதாவது கொறையா? நான் ஏதும் தப்பா அளந்துட்டேனா? சொல்லுங்க மேடம்."

இல்லை, நீங்கள் சரியாகத்தான் அளந்திருக்கிறீர்கள் என்று சொன்னேன்.